மோட்டுவளையில் செருகிய சம்மனும் அமெரிக்க விவசாயியின் வக்கீலும்

பழைய மாணவர்களே, சொந்தபந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள். வகுப்பில் மணி அடித்துவிட்டால் எழுந்து ஓடுவீர்கள். இங்கே மணி இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு 1994ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். பேச்சுவாக்கில் ஒரு சங்கதி சொன்னான்.

"சார், எங்க ஊர்ல ஒரு விவசாயி பழக்கம். மக்காச்சோளம் போடறவர். கடன் கழுத்தை நெரிக்குது. விவசாயத்துக்கும் திவாலுக்கும்னே தனியா ஒரு வக்கீல் வெச்சிருக்கார் சார். நம்ம ஊர்ல மஞ்சக் கடுதாசி கொடுத்தா ராத்திரியோட ராத்திரியா ஊரைவிட்டு ஓடணும். அவர் கோர்ட்ல மனு கொடுத்துட்டு மறுநாள் காலையில டிராக்டர் ஓட்டறார் சார்!"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்குத் தெரியாது.

எங்கள் அப்பாவுக்கு வேடசந்தூர் பக்கத்தில் கிணற்றோடு மூன்று ஏக்கர் இருந்தது. வடக்குத் தோட்டம் என்போம். கிணறு வெட்டி ஆழப்படுத்த 1,200 ரூபாய் புரோநோட்டு எழுதி வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. அடுத்தடுத்து மழை பொய்த்தது. ஐந்து வருடம் கழித்துக் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டார். 1964ல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். திண்ணையில் உட்கார்ந்து அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். கேட்டுவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அதை நாலாக மடித்து மோட்டுவளையில் செருகிவிட்டார்.

நானும் சொல்லவில்லை.

அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. எதிர்தரப்பு ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானது. அமீனா வந்தார், தண்டோரா போட்டார்கள், தோட்டம் ஏலம் போனது. அதற்கு முன்பே ஒரு ராத்திரி, உழவு மாடு இரண்டையும் ஜப்தி செய்துவிடுவார்கள் என்று பயந்து, அத்தை ஊருக்கு ஓட்டிப்போய் வந்த விலைக்கு விற்றுவிட்டார். அந்த மாடுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாணவன் சொன்னதைக் கேட்டபின் ஒரு மாதம் உட்கார்ந்து அமெரிக்க விவசாயக் கடன் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அந்த விவசாயி மறுநாள் டிராக்டர் ஓட்டுகிறார் என்றால் அந்த உரிமை சும்மா வந்ததில்லை. அதற்குப் பின்னால் ஐம்பது வருடப் போராட்டம் இருக்கிறது.

முதலில் 1930களுக்குப் போவோம். ஒன்பதாம் வகுப்பில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் என்று மனப்பாடம் செய்தீர்களே, அதே காலம். முதல் உலகப்போரின்போது தானிய விலை ஏறியிருந்தது. அதை நம்பி விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். போர் முடிந்ததும் விலை விழுந்தது. 1929க்குப் பிறகு அதலபாதாளத்துக்கே போனது. கடன் மட்டும் அப்படியே நின்றது. அடமான நிலங்கள் வரிசையாக ஏலத்துக்கு வந்தன.

விவசாயிகள் முதலில் வக்கீலிடம் போகவில்லை. ஏலக் களத்துக்குத்தான் போனார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் கூடி நின்று, ஒரு குதிரைக்குச் சில காசு, ஒரு கலப்பைக்குச் சில காசு என்று கேட்பார்கள். வெளியாள் யாராவது அதிக விலை கேட்க வாயைத் திறந்தால் முறைப்பார்கள். சில இடங்களில் களஞ்சிய வாசலில் ஒரு தூக்குக்கயிறும் தொங்கும். எல்லாவற்றையும் சில்லறைக் காசுக்கு எடுத்து, சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதற்குக் 'காசு ஏலம்' என்றே பெயர் வந்தது.

கோபம் எல்லை மீறவும் செய்தது. 1933 ஏப்ரல் 27. அயோவா மாநிலம் லெ மார்ஸ் என்ற ஊர். நீதிபதி சார்லஸ் பிராட்லியின் நீதிமன்றத்துக்குள் விவசாயிகள் கூட்டமாக நுழைந்தார்கள். இனி நில ஏலத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வெளியே இழுத்துப்போய்க் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டார்கள். நல்லவேளையாக உயிர் தப்பினார். மாநில ஆளுநர் படையை அனுப்பினார், பலர் கைதானார்கள்.

இதை வகுப்பில் சொன்னால் பையன்கள் கைதட்டுவார்கள். நான் தட்டமாட்டேன். கயிறு மாட்டியதால் ஒரு ஏக்கர்கூட யாருக்கும் நிரந்தரமாக மீளவில்லை. நீதிபதி கையெழுத்துப் போடுவது அவர் மனசைப் பொறுத்ததல்ல. சட்டம் அப்படி இருந்தது. மாற வேண்டியது சட்டம்.

அதே ஆண்டு பக்கத்தில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் வில்லியம் லாங்கர் என்ற ஆளுநர் பதவிக்கு வந்தார். அவரே ஒரு வக்கீல். விவசாய நில ஏலங்களை நிறுத்திவைத்து அறிவிப்பு வெளியிட்டார். மீறி ஏலம் நடத்த முயன்ற இடங்களுக்குப் படையை அனுப்பித் தடுத்தார். லெ மார்ஸில் விவசாயிகளுக்கு எதிராக வந்த படை, இங்கே ஏலத்துக்கு எதிராக வந்து நின்றது.

அந்த மாநிலத்திலிருந்து நாடாளுமன்றம் போயிருந்த இருவர், செனட்டர் லின் ஃபிரேசியரும் கீழவை உறுப்பினர் வில்லியம் லெம்கேயும், 1934ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஃபிரேசியர் விவசாயி, லெம்கே வக்கீல். ஃபிரேசியர்–லெம்கே சட்டம் என்றே அதற்குப் பெயர். திவால் மனு கொடுத்த விவசாயி, ஐந்து ஆண்டுவரை நியாயமான வாடகை கட்டிக்கொண்டு தன் நிலத்திலேயே இருந்து பயிர் செய்யலாம். பிறகு நிலத்தின் அன்றைய மதிப்பைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். பழைய கடன் தொகை எவ்வளவு என்பதை விட்டு, நிலம் இன்று எவ்வளவு பெறும் என்று கேட்டார்கள். புதுமை அதில்தான் இருந்தது.

ஒரே வருடத்தில் அடி விழுந்தது. கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ராட்ஃபோர்டு என்ற விவசாயியின் வழக்கில், 1935 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிராண்டைஸ். அவர் ஏழைகளுக்கு விரோதியல்ல, சாமானியர்களுக்காக வாதாடிப் பெயரெடுத்த வக்கீலாக இருந்தவர். கடன் கொடுத்தவருக்கும் அடமானத்தின் மேல் சொத்துரிமை உண்டு, ஈடு கொடுக்காமல் அதை எடுத்து இன்னொருவருக்குத் தர முடியாது என்பது அவர் வாதம். யோசித்துப் பாருங்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. வங்கியில் இருப்பதும் யாரோ ஒருவர் போட்டுவைத்த பணம்தானே?

லெம்கே சோர்ந்து உட்காரவில்லை. தீர்ப்பில் என்னென்ன குறை சொல்லப்பட்டதோ அதையெல்லாம் திருத்தி, சில மாதங்களிலேயே சட்டத்தை மறுபடி நிறைவேற்ற வைத்தார். ஐந்து ஆண்டு அவகாசம் மூன்றானது. கடன் கொடுத்தவரின் உரிமைகள் தெளிவாக்கப்பட்டன. 1937ல் இதே உச்ச நீதிமன்றம், இதே பிராண்டைஸின் பேனாவால், புதிய சட்டம் செல்லும் என்றது. கயிற்றால் முடியாததைத் திருத்தி எழுதிய நாலு பத்தி முடித்துவைத்தது.

ஆனால் அது தற்காலிகச் சட்டம். 1949ல் காலாவதியானது. அதற்குள் விவசாயம் செழித்திருந்தது, யாரும் கவலைப்படவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது யார் தூர் வாருகிறார்கள்?

இனி 1970கள். 1972ல் சோவியத் யூனியன் பெருமளவு தானியம் வாங்கியது, விலை ஏறியது. வேலியோரம் வரை விதையுங்கள் என்பது அன்றைய வேளாண்மைச் செயலர் ஏர்ல் பட்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாசகம். நில மதிப்பு ஏற ஏற, அந்த மதிப்பை ஈடாக வைத்து வங்கிகள் மேலும் மேலும் கடன் கொடுத்தன. பெரிய டிராக்டர், பக்கத்து வயல் என்று விவசாயிகள் வாங்கிப் போட்டார்கள். வாங்காதவனை ஊர் கேலி செய்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியது. விலைவாசியை அடக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு ஜனவரியில், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததற்குப் பதிலடியாக, அதிபர் கார்ட்டர் அந்நாட்டுக்குத் தானியம் விற்பதைக் கட்டுப்படுத்தினார். விலை சரிந்தது. அதோடு நிலமும் சரிந்தது. அயோவாவில் 1981ல் ஏக்கர் சராசரி 2,147 டாலர். 1986ல் அதே ஏக்கர் 787 டாலர்.

கணக்கு வாத்தியாரைக் கேட்காமலே புரியும். ஏக்கருக்கு 1,200 டாலர் கடன் வாங்கியவனுக்கு 1981ல் கையில் மிச்சம் 947 டாலர். 1986ல் நிலத்தை முழுசாக விற்றாலும் 413 டாலர் பாக்கி. அவன் சோம்பேறி ஆகிவிடவில்லை. முன்பு உழுதது போலத்தான் உழுதான். கால் கீழே இருந்த மண்ணின் விலை மாறிவிட்டது.

அந்த வருடங்களில் தற்கொலைகள் நடந்தன. 1985 டிசம்பரில் அயோவாவில் ஹில்ஸ் என்ற சிற்றூர்ப் பகுதியில் ஒரு விவசாயி, தன் மனைவியையும் வங்கித் தலைவரையும் பக்கத்து விவசாயியையும் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் வில்லி நெல்சன் முதலிய பாடகர்கள் இல்லினாய் மாநிலத்தில் விவசாயிகளுக்கு நிதி திரட்ட 'ஃபார்ம் எய்டு' கச்சேரி நடத்தினார்கள்.

இந்த இருட்டில்தான் நான் சொல்ல வந்த வக்கீல் வருகிறார். பெயர் சாரா வோகல். வடக்கு டகோட்டாக்காரர். அவருடைய தாத்தா அந்த லாங்கர் ஆளுநரின் அரசில் பணியாற்றியவர். ஏலத்தைத் தடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண். சட்டம் படித்து, ஒரு மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தபோது, கட்டணம் கொடுக்க வழியில்லாத விவசாயிகள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் தனியார் வங்கியில் கடன்பட்டவர்கள் அல்ல. வேறெங்கும் கடன் கிடைக்காத சிறு விவசாயிகளுக்கென்று அரசே வைத்திருந்த 'விவசாயிகள் இல்ல நிர்வாகம்' என்ற அமைப்பில் கடன் வாங்கியவர்கள். பயிர், பால், மாடு விற்ற பணம் எல்லாம் அந்த அமைப்பின் பிடியில் இருக்கும். வீட்டுச் செலவுக்கும் தீவனத்துக்கும் அவர்கள் விடுவித்தால்தான் காசு. ஒரு விவசாயியை வெளியேற்ற முடிவெடுத்தால் அந்தப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். வாய்க்காலை அடைத்துவிட்டுப் பயிர் ஏன் வாடுகிறது என்று கேட்பது மாதிரி. மேல்முறையீடு செய்யலாமே என்றால், விசாரிக்க உட்கார்ந்திருப்பவர் அந்த முடிவில் பங்குகொண்ட அதிகாரியாகவே இருப்பார்.

சாரா வோகல் சட்டப் புத்தகங்களைப் புரட்டினார். 1978ல் நாடாளுமன்றம் ஒரு பிரிவு எழுதியிருந்தது. தன் தவறில்லாமல் கஷ்டத்தில் விழுந்த விவசாயி, தவணையைத் தள்ளிவைக்கும்படி அந்த அமைப்பிடம் கேட்கலாம். சட்டம் நாலைந்து வருடமாகப் புத்தகத்தில் இருந்தது. அமைப்பு அதை நடைமுறைப்படுத்தவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று விவசாயிகளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

1983ல் சில விவசாயிகள் சார்பில் வழக்குப் போட்டார். முதல் வாதியின் பெயர் கோல்மன். எதிர்வாதி வேளாண்மைச் செயலர் ஜான் பிளாக். கோல்மன் எதிர் பிளாக் வழக்கு என்று வரலாற்றில் நின்றுவிட்டது. நீதிபதி புரூஸ் வான் சிக்கிள் முதலில் வடக்கு டகோட்டா விவசாயிகளுக்குத் தடையாணை கொடுத்தார். அந்த வருட முடிவுக்குள் அது நாடு முழுவதுமுள்ள சுமார் 2,40,000 கடனாளிகளுக்கும் விரிந்தது. தீர்ப்பின் சாரம் நம் ஊர்ப் பேச்சில் இதுதான்: முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடு. உனக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று அதிலேயே எழுது. முடிவெடுத்தவனே முறையீட்டை விசாரிக்காதே. அதுவரை குடும்பம் சாப்பிடும் பணத்தை நிறுத்தாதே.

கடனை ரத்து செய்யவில்லை, கவனியுங்கள். ஒரு டாலரைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. இருக்கிற சட்டத்தை விவசாயியிடம் எடுத்துச் சொல் என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு மூச்சு வந்தது. கட்டணம் வாங்காமல் வாதாடிய அந்த அம்மா தானே கடனில் சிக்கித் தவித்தார். ஆனால் 1988 தேர்தலில் அந்த மாநில மக்கள் அவரையே வேளாண்மை ஆணையராகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் அந்தப் பதவிக்குத் தேர்தலில் வென்ற முதல் பெண் அவர்தான்.

சரி, அயோவா விவசாயியின் டிராக்டருக்கு வருவோம். கோல்மன் வழக்கு அரசுக் கடனுக்கு. தனியார் வங்கிக் கடனுக்கு என்ன செய்வது? அமெரிக்கத் திவால் சட்டம் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். ஏழாம் அத்தியாயத்தில் போனால் சொத்தை விற்றுப் பங்கு பிரிப்பார்கள், நிலம் போய்விடும். பதினொன்றாம் அத்தியாயம் பெரிய கம்பெனிகளுக்கு ஏற்றது, செலவும் சிக்கலும் அதிகம். பதின்மூன்றாம் அத்தியாயம் சம்பளக்காரர்களுக்கு. 1986ல் ஈடு வைத்த கடன் 3,50,000 டாலருக்குள், ஈடு இல்லாத கடன் 1,00,000 டாலருக்குள் இருந்தால்தான் உள்ளே விட்டார்கள். நிலமும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வைத்திருக்கும் விவசாயியின் கடன் அந்த வாசலில் நுழையவில்லை.

அதனால் 1986ல் அயோவா செனட்டர் சார்லஸ் கிராஸ்லி முதலியோரின் முயற்சியில் விவசாயக் குடும்பங்களுக்கென்றே பன்னிரண்டாம் அத்தியாயம் எழுதப்பட்டது. அக்டோபர் 27 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். கடன் உச்சவரம்பு 15 லட்சம் டாலர். இதையும் தற்காலிகமாகத்தான் கொண்டுவந்தார்கள். திரும்பத் திரும்ப நீட்டித்து, 2005ல் நிரந்தரமாக்கினார்கள். மீனவக் குடும்பங்களையும் அப்போது சேர்த்தார்கள். 2019ல் உச்சவரம்பு ஒரு கோடி டாலரானது.

அது வேலை செய்யும் விதம் இது. மனு கொடுத்த நிமிடமே வசூல், ஏலம் எல்லாம் நிற்கும். விவசாயி நிலத்திலேயே இருந்து பயிர் செய்வார். 90 நாளுக்குள் எப்படிக் கட்டப் போகிறேன் என்று ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். நான்கு லட்சம் டாலர் கடனுக்கு ஈடாக இருந்த நிலம் இன்று இரண்டு லட்சம்தான் பெறும் என்றால், அந்த இரண்டு லட்சத்தை வட்டியோடு நீண்ட தவணையில் வங்கிக்குக் கட்டியே ஆக வேண்டும். மீதி இரண்டு லட்சம் ஈடில்லாத கடனாகிவிடும். அதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை, குடும்பச் செலவும் விவசாயச் செலவும் போக மிஞ்சுவதைக் கொடுக்க வேண்டும். சொத்தை உடனே விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டி முடித்தால் மிச்சம் தீர்ந்தது. ஃபிரேசியரும் லெம்கேயும் அன்று சொன்னதுதான்: நிலம் இன்று என்ன பெறுமோ அதைக் கட்டு.

"இதற்கு எதற்குத் தனி வக்கீல்? படிவத்தை நிரப்பினால் போதாதா?" என்று முன்வரிசையில் ஒருவன் கேட்பான். கேள்.

முதலாவது, காலம். விதைப்புக்கு முன்னா, அறுவடைக்குப் பின்னா, எப்போது மனு கொடுப்பது? விளைச்சல் வங்கிக்கு ஈடாக இருக்கும்போது அதை விற்ற பணத்தில் விதை வாங்க நீதிமன்ற அனுமதியோ வங்கியின் சம்மதமோ வேண்டும். விதைக்கும் வாரம் கடந்தபின் அனுமதி வந்து என்ன பயன்? கோர்ட் நாள்காட்டியும் தெரிந்து வயல் நாள்காட்டியும் தெரிந்தவர் வேண்டும்.

இரண்டாவது, செய்யக் கூடாதவை. ஈடு வைத்த மாட்டை வங்கிக்குத் தெரியாமல் விற்பது, நிலத்தை மகன் பெயருக்கோ மச்சான் பெயருக்கோ அவசரமாக எழுதிவைப்பது. பயத்தில் எல்லாரும் முதலில் செய்வது இதுதான். அங்கே அது கடன் தீர்வையே கெடுத்துவிடும், சில நேரம் குற்ற வழக்காகிவிடும். அனுபவமுள்ள வக்கீல் முதல் நாளே கேட்கும் கேள்வி, "எதையாவது விற்றீர்களா, யார் பெயருக்காவது மாற்றினீர்களா?" என்பதாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, உண்மை சொல்வது. வருமானமே இல்லாத பண்ணையை எந்த அத்தியாயமும் காப்பாற்றாது. கொஞ்சம் நிலத்தை விற்றால் மிச்சம் நிற்குமா, முழுசாக விட்டுவிட்டு வெளியே வருவதா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். நிலத்தை விற்றால் வரும் வரியைக்கூட யோசிக்க வேண்டும். எல்லாரையும் காப்பாற்றுவேன் என்று சொல்கிற வக்கீலிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இனி நம் வடக்குத் தோட்டத்துக்கு வருகிறேன்.

நான் ஆசிரியர் வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து, என் பழைய மாணவர் ஒருவரின் தகப்பனார், வயதான வக்கீல், ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு அப்பாவின் வழக்கில் வந்து நின்றது. அவர் இலையை மூடிவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, 1938ல ராஜாஜி பிரதமரா இருந்தப்ப சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்துதே, தெரியாதா? விவசாயி கடனுக்கு ஆண்டுக்கு ஆறேகால் சதவீதத்துக்கு மேல தனி வட்டி கிடையாது. ரூபாய்க்கு வருஷத்துக்கு ஓரணா. கோர்ட்டே குறைச்சாகணும். உங்கப்பா வந்து கேட்டிருக்கணும். இல்ல, அவருக்காக ஒரு வக்கீல் கேட்டிருக்கணும்."

அன்றிரவு கணக்குப் போட்டேன். 1,200 ரூபாய்க்கு ஐந்து வருடத்துக்கு, மாதம் ஒன்றரை வட்டிப்படி 1,080 ரூபாய். ஓரணா வட்டிப்படி 375 ரூபாய். வித்தியாசம் 705 ரூபாய். மொத்தக் கடன் 2,280க்குப் பதில் 1,575. அம்மா நகையை வைத்து, கொஞ்சம் அவகாசம் வாங்கியிருந்தால் கட்டியிருக்கலாம்.

மாடுகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவு, விவசாயியின் ஏர், கலப்பை, பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைத் தானியம் இவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. இன்றும் இருக்கிறது. அப்பா ராத்திரியில் ஓட்டிப்போய் விற்ற மாடுகளை எந்த அமீனாவாலும் தொட்டிருக்க முடியாது.

நான் வரலாற்று ஆசிரியன். 1938 காங்கிரஸ் மந்திரி சபையை எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்! மதுவிலக்கு சொன்னேன், ஆலய நுழைவு சொன்னேன். கடன் நிவாரணச் சட்டத்தை ஒரு வரியாகச் சொல்லித் தாண்டிப்போனேன். அந்த ஒரு வரிக்குள் எங்கள் கிணறு இருந்தது.

2003ல் பழைய வீட்டைப் பிரித்து ஓடு மாற்றியபோது அந்தச் சம்மன் கிடைத்தது. பூச்சி அரித்தது போக ஆஜராக வேண்டிய தேதி மட்டும் தெளிவாக இருந்தது. பன்னிரண்டு வயதில் நான் வாய்விட்டுப் படித்த அதே காகிதம். படிக்கத் தெரிந்தது, புரியவில்லை. சொல்லவும் ஆளில்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோர்ட் படி ஏறினால் மானம் போய்விடும் என்று நினைத்தார். மானமும் போய்த் தோட்டமும் போனது.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் இன்று ஊரில் தோட்டம் பார்க்கிறீர்கள். சிலர் பட்டறை, சிலர் கடை. சொந்தக்காரர்களிலும் கடன் இல்லாத வீடு எத்தனை? அதனால் மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். வங்கியிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ நோட்டீஸ் வந்தால் ஒளித்துவைக்காதீர்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பயத்தில் எதையும் விற்கவோ பெயர் மாற்றவோ செய்யாதீர்கள். அந்தத் தேதிக்கு முன்னால் இந்த மாதிரி வழக்கில் பழக்கமுள்ள வக்கீலைப் பாருங்கள். பட்டா வழக்குப் பார்க்கிறவர் வேறு, கடன் வழக்குப் பார்க்கிறவர் வேறு. கண் வலிக்குப் பல் டாக்டரிடம் போவோமா?

கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. இதை உங்கள் கைப்பேசியில் இப்போதே பதிந்துவையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேவைப்படலாம்.

உங்கள் வீட்டிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கும். தாத்தாவுக்கு வந்த காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வீர்கள். படித்து முடித்ததும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்